கோப்புக் காட்சியில் வரும் மனிதர்

பிப்ரவரி 9: சென்னையில் என் மனைவி காலமானாள்.

மே 17: டல்லாஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். அன்றிலிருந்து இர்விங்கில் மகளின் அடுக்ககத்தில் வசித்துவருகிறேன்.

ஜூன் 20, வெள்ளி: சோமாலியர்கள் கூடும் ஒரு தேநீர்க் கடைக்கு முதன்முறையாகச் சென்றேன்.

ஆகஸ்ட் 6: அக்கடைக்கு வரும் ஒருவருக்குக் கிடைக்கவிருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 16, சனி: உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தார் கடைக்கு வந்து படம் பிடித்தனர்.

செப்டம்பர் 4: சோமாலியாவின் வறட்சி பற்றிய செய்தியில் என் முகம் காட்டப்பட்டது. நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவன்.

மேற்கண்ட குறிப்புகள் என் நாட்குறிப்பில் உள்ளவாறே தரப்பட்டுள்ளன. நாட்குறிப்பில் இடம் போதாமல் விடுபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். லாஸ் கொலினாஸில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை. நான் வந்திருப்பதறிந்து துக்கம் விசாரிக்க வந்தார். மறு வாரமும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது அவரிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை, சொல்ல என்னிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

"சார், கெளம்புங்க. டீ குடிச்சிட்டு வருவோம்."

"வீட்லயே இருக்கே."

"வீட்ல இருக்கறது டீத்தூள் சார். டீங்கறது வேற."

டயர் கடைக்கும் சலவை நிலையத்துக்கும் நடுவே இருந்தது அந்தக் கடை. நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சோமாலியப் பெண்மணி. ஏலமும் கிராம்பும் தட்டிப்போட்டு, சர்க்கரையைக் கைகூசாமல் அள்ளிப்போட்டு, பாலில் கொதித்த தேநீர். சுவரோரம் நீண்ட மேசை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த ஆண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து உரத்த குரலில் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். அடிதடி வரப்போகிறதோ என்று நான் வாசலிலேயே தயங்கினேன். கீழக்கரைக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இது அவர்களின் தினசரிப் பொழுதுபோக்கு என்றும், உட்கார்ந்தபடியே சண்டையிடுவது என்ற பொருளில் அவர்கள் மொழியில் இதற்கெனத் தனிப்பெயரே உண்டு என்றும் விளக்கினார். எழுந்து நின்றால்தான் உண்மையான சண்டையாம். நான் பார்த்த வரையில் யாரும் எழுந்ததில்லை.

அவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன்.

தாடிக்கு மருதாணி பூசிச் சிவக்க வைத்திருந்த முதியவர் ஒருவர்தான் அந்த மேசைக்குத் தலைவர் போல இருந்தார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேரெல்லாம் வேண்டாம். எங்க ஊர்ல பத்துப் பேருக்கு ஒரே பேருதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியறதுதான் பேரு. நான் தாடி. அதோ அவன் வெங்காயம்."

வெங்காயம் என்று சுட்டப்பட்டவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், உயரமானவர், லாரி ஓட்டுநர். என்னைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார்.

"இந்திய ஆம்பளைங்கள எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் தாடிக்காரர். "மொகதிஷுவுல வாராவாரம் இந்திப் படம் பாத்து வளந்தவன் நான். அம்மாவப் பிரிஞ்சா அழுவாங்க, தம்பியப் பிரிஞ்சா அழுவாங்க, மழை வந்தா பாடுவாங்க. நீங்க என்ன, லோன் கெடையாதுன்னு சொல்லப்போற பேங்க் மேனேஜர் மாதிரி உக்காந்திருக்கீங்க?"

எனக்கு இந்தி தெரியாது என்றும், மழையில் பாடியதில்லை என்றும் தெரிவித்தேன். கீழக்கரைக்காரர் தாடிக்காரரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பிறகு எனக்கொரு தட்டில் சோறும் கறியும் வந்தன. நான் சைவம் என்றதும் கறி போய்ப் பருப்பு வந்தது. வெங்காயக்காரர் ஒரு வாழைப்பழத்தை உரித்து என் சோற்றின் ஓரத்தில் வைத்தார். சோற்றோடு வாழைப்பழம் கடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். தயிர்சாதத்துக்கு அப்படிச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு அதில் புதுமை இல்லை. நான் தயங்காமல் கடித்ததைப் பார்த்து அவர்களுக்குத்தான் வியப்பு.

"சரி, எங்க ஆம்பளைங்கன்னா உங்க மனசுல என்ன படம்?" என்றார் தாடிக்காரர். "மறைக்காமச் சொல்லணும்."

"படகு" என்றேன்.

மேசையே குலுங்கியது. "கேட்டியாடா? படகு! எனக்கு நீச்சல் தெரியாது சார். கப்பலப் படத்துல பாத்தாலே வாந்தி வரும்" என்றார் தாடிக்காரர்.

"கடல்ல கொள்ளையடிக்கணும்னா காலைல நேரத்தோட எந்திரிக்கணும்" என்றார் கடைக்காரப் பெண்மணி, பாத்திரங்களிலிருந்து கண்ணை எடுக்காமலே. "சாயங்காலமானா நாட்டையே காப்பாத்தறாங்க. ஆனா சொந்தக் காலுறை எங்கன்னு கேட்டா பொண்டாட்டியத்தான் கூப்பிடணும்."

வெங்காயக்காரரின் பட்டப்பெயருக்குக் காரணம் அடுத்த வாரம் தெரிந்தது. கடையின் தொலைக்காட்சியில் ஏதோ மோசடி வழக்கு பற்றிய செய்தி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வேறு மாநிலத்தவர்கள், சோமாலிய வம்சாவளியினர். அவர்களின் படம் கிடைக்கவில்லை போலும். திரையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் உயரமான மனிதர், மளிகைக் கடையிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் ஒரு மூட்டை வெங்காயம். மேசையில் கைதட்டல் எழுந்தது.

"இந்த வாரம் மோசடியா? போன மாசம் ஆள் கடத்தல்ல இருந்தியே!"

"முன்னேறிட்டான். இது வெள்ளைக்காலர் வேலை."

நான்கு ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசல் அருகே வாகனம் நிறுத்தும் இடம் பற்றிய தகராறு ஒன்றைப் படமெடுக்க வந்த அந்தத் தொலைக்காட்சி நிலையத்தார், போகிற போக்கில் இவரையும் எடுத்திருக்கிறார்கள். வெயிலில் கண் கூசியதால் முகம் சுளித்திருந்தது. அன்றிலிருந்து சோமாலியர் என்ற சொல் செய்தியில் வரும்போதெல்லாம் திரையின் மூலையில், பழைய படம் என்பதைக் குறிக்கும் 'கோப்புக் காட்சி' என்ற எழுத்துகளோடு இவர் வெங்காயத்துடன் வெளியே வந்துகொண்டிருந்தார். கொள்ளைக்கும் பஞ்சத்துக்கும் தேர்தலுக்கும் அவர் ஒருவரே.

எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். ஆனால் தேநீர் ஆறிய பிறகு என்னிடம் தனியே சொன்னார்: "எந்தக் கதவத் திறந்து வெளிய வந்தாலும், அந்த ஆள் மாதிரி வர்றேனான்னு ஒரு தடவ யோசிச்சுக்கறேன். கூலிங் கிளாஸ் போடறத விட்டுட்டேன். வெங்காயம் இப்ப என் மனைவிதான் வாங்கறா. கண்ணாடி முன்னாடி நின்னு, நெத்தியச் சுருக்காம இருக்கப் பழகறேன். வெயில்ல யாராலதான் நெத்தியச் சுருக்காம இருக்க முடியும், சொல்லுங்க?"

டெக்சாஸ் வெயிலில் முடியாது என்று ஒப்புக்கொண்டேன்.

இது வேடிக்கையாக மட்டும் இருந்த காலம் ஆகஸ்டில் முடிந்தது. நெடுந்தூர லாரியில் வாரக்கணக்கில் வெளியூரில் கிடப்பவர் அவர். வீட்டில் மூன்று மகள்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தால் தினமும் வீட்டில் உறங்கலாம் என்பதற்காகவே தேர்வெழுதி, பயிற்சி முடித்து, மருத்துவச் சோதனையிலும் தேறியிருந்தார். பயிற்சியின்போது நிறுத்தத்தில் அவரைப் பார்த்த ஒரு தாய், இவரைக் குற்றச் செய்தியில் பார்த்திருக்கிறேனே என்று பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டார். நிர்வாகத்தில் இருந்த பெண்மணி நல்லவர். உங்கள் மேல் ஒரு குற்றமும் பதிவில் இல்லை, ஆனாலும் பெற்றோருக்குப் பதில் சொல்ல எங்களுக்குச் சில வாரம் வேண்டும் என்றார். அதற்குள் லாரி நிறுவனமும் அடுத்த பயணத்துக்கு ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று கேட்கத் தொடங்கியது.

அன்றுதான் முதன்முறையாக அந்த மேசையில் ஒருவரும் ஒருவரையும் மறுக்கவில்லை. அந்த அமைதியைப் பொறுக்கமாட்டாமல் நான் பேசினேன். மண் பரிசோதனையைப் பாடமாக நடத்திய பேராசிரியர் நான். ஓர் இடத்தில் துளையிட்டு எடுத்த மண், அந்தத் துளையைப் பற்றி மட்டுமே சொல்லும், ஊர் முழுவதுக்கும் அதை வைத்து அடித்தளம் போட்டால் கட்டடம் சாயும் என்று விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"அருமை" என்றார் தாடிக்காரர். "இப்ப நம்ம ஆளு வெங்காயம் மட்டுமில்ல, ஓட்டையும்."

கடைக்காரப் பெண்மணி கைப்பேசியை எடுத்தார். "டிவிக்காரங்ககிட்ட நான் பேசறேன். நீங்க பேசினா மொதல்ல வெள்ளைக்காரன் ஆட்சியிலேருந்து ஆரம்பிப்பீங்க."

பழைய காட்சியை நீக்குவதாக நிலையத்தார் உறுதி தரவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலைக்கு இலேசான செய்தி ஒன்று தேவைப்படுகிறது, கடைக்கு வந்து படமெடுக்கிறோம் என்றார்கள். பழையதை அழிக்க முடியாவிட்டால் புதியதைக் கொடுப்போம் என்று மேசை முடிவெடுத்தது. எதைக் கொடுப்பது என்பதில்தான் பல நாள் சண்டை. வெங்காயக்காரர் மகள்களோடு நிற்க வேண்டும் என்றார் ஒருவர். மகள்கள் மறுத்துவிட்டார்கள். கௌபாய் தொப்பி போட வேண்டும் என்றார் இன்னொருவர். "போட்டா குதிரை திருடினவன்னு போடுவான்" என்று அது தள்ளுபடியாயிற்று. இறுதியில் கோட்டு சூட்டு என்று தீர்மானமானது.

சனிக்கிழமை மதியம் அத்தனை பேரும் கோட்டு அணிந்து வந்தார்கள். தாடிக்காரரின் கோட்டு அவருடைய மகன் திருமணத்துக்குத் தைத்தது. வெங்காயக்காரருக்குக் கீழக்கரைக்காரர் தம்முடையதை இரவல் தந்திருந்தார். கை மணிக்கட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. நான் முழுக்கைச் சட்டையோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். படம் எடுக்கும்போது சிரிப்பது ஒழுங்கீனம் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. அந்த விஷயத்தில் தஞ்சாவூருக்கும் மொகதிஷுவுக்கும் வேறுபாடு கிடையாது. எங்கள் திருமணப் படத்தில் நான் நீதிமன்ற உத்தரவின்பேரில் நிற்பவன் போல் இருப்பதாக என் மனைவி சொல்வதுண்டு. அதே உத்தரவின்பேரில் இங்கே ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் சிரிங்க, ப்ளீஸ்" என்றாள் செய்தியாளரான இளம்பெண்.

சிரித்தார்கள்.

"அய்யய்யோ, வேண்டாம்!" என்றார் கடைக்காரப் பெண்மணி. "சிரிக்காம இருந்தப்ப ஜாமீன் கேக்க வந்தவங்க மாதிரி இருந்துது. இப்ப ஜாமீன் கெடச்ச மாதிரி இருக்கு."

செய்தியாளரும் படப்பிடிப்பாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது வெங்காயக்காரரின் இறுகிய கோட்டுக்கை தேநீர்க் குடுவையில் இடித்தது. சூடான தேநீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. பதறி எழுந்து சமையலறைக்குள் ஓடினார். நல்லவேளை, தடித்த துணி. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது மேலே கோட்டு, கீழே கடைக்காரப் பெண்மணியின் அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி. சோமாலிய ஆண்கள் வீட்டில் உடுத்துவது அதைத்தான். அவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள்.

"இதோட எடுக்காதீங்க. தயவுசெஞ்சு" என்றார் செய்தியாளரிடம்.

கீழக்கரைக்காரர் அதற்குள் துள்ளினார். "இது எங்க ஊர் லுங்கியாச்சே!"

"உங்க ஊரா?" தாடிக்காரர் நிமிர்ந்தார். "எங்க தாத்தா கட்டினது இது!"

"உங்க தாத்தாவுக்கு வித்தது யாரு? எங்க தாத்தா. கப்பல்ல கொண்டாந்து வித்தாரு."

"வித்தாரா? எங்க கரையில வந்து, எங்காளுங்க கட்டியிருக்கறதப் பாத்து, அடடா நல்லாருக்கேன்னு வாங்கிட்டுப் போயிருப்பாரு!"

"இடுப்புக்குத் துணி கட்டச் சொல்லிக் குடுத்ததே நாங்கதான்னுவீங்க போலருக்கே."

"ஒட்டகத்துக்கும் நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்" என்று கத்தினார் வெங்காயக்காரர். தம் கீழாடையை அவர் மறந்துவிட்டார். நாற்காலியில் அமர்ந்து மேசையைத் தட்டி, இரண்டு கைகளையும் வீசி, தாடிக்காரரையும் கீழக்கரைக்காரரையும் ஒரே நேரத்தில் மறுத்துக்கொண்டிருந்தார். படக்கருவி ஓடுவதைக் கவனித்தவன் நான் ஒருவனே. எச்சரிக்கலாமா என்று எண்ணினேன். எச்சரிக்கவில்லை.

"பேராசிரியரே, நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார் வெங்காயக்காரர். "நீங்க இதக் கட்டுவீங்களா?"

"கட்டுவேன். வீட்டுக்குள்ள மட்டும்."

"ஏன் வீட்டுக்குள்ள மட்டும்?"

"மக விடமாட்டா. அக்கம்பக்கத்துல பாப்பாங்களாம்."

"என் மகளும் இதையேதான் சொல்றா! அதே வார்த்தை!"

மேசையில் இருந்த தகப்பன்மார் அனைவருக்கும் மகள்கள் இதையே சொல்லியிருந்தது அப்போது வெளிப்பட்டது. உள்ளேயிருந்து இன்னொரு லுங்கி வந்தது. எங்கள் ஊரில் எப்படிக் கட்டுவோம் என்று காட்டியே ஆகவேண்டும் என்றார்கள். கால்சட்டைக்கு மேலேயே கட்டினேன். பிறகு, நம்மவர்கள் எல்லோரும் செய்வதுபோல், குதிகாலால் ஓரத்தை மேலே எற்றிக் கையில் பிடித்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினேன். இந்த மடித்துக்கட்டு அவர்களுக்குத் தெரியாத வித்தை. கடையே மூச்சை அடக்கிப் பார்த்தது. தாடிக்காரர் தாமும் முயன்றார். எற்றிய வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கைகளாலும் துணியைப் பற்றிக்கொண்டு சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடவாதது போலத் தேநீரை எடுத்து உறிஞ்சினார்.

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் தாடிக்காரர், வெற்றியோடு. "இந்தியரேதான்."

அந்த வார இறுதியில் ஒளிபரப்பானது சிறு துண்டுதான். கோட்டணிந்த வரிசை அதில் இல்லவே இல்லை. லுங்கி யாருடையது என்று சிலர் சண்டையிட்டார்கள், அவ்வளவே. வெங்காயக்காரர் திரைக்கு மிக அருகில் நின்று பார்த்தார்.

"இது எங்கப்பா" என்றார் மெதுவாக. "இப்படித்தான் கைய வீசுவாரு. நான் பேசறப்ப இப்படியா இருக்கேன்?"

"தெனமும்" என்றார் கடைக்காரப் பெண்மணி. "டயர் கடை வரைக்கும் கேக்கும்."

இன்னொரு முறை போடச் சொன்னார். நான்கு ஆண்டுகள் அவர் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தது வேறொரு முகம். அது கிடைக்கவில்லை, கிடைத்தது இது. அவருக்கு இது பிடித்திருந்தது என்பதை அவருடைய முதுகைப் பார்த்தே சொல்ல முடிந்தது. எதிலும் சமாதானமாகாத தாடிக்காரர் மட்டும், "எடுத்தாங்க சரி, அப்பவும் நம்மள ஒரு வேலையும் இல்லாதவங்களாத்தான் காட்டியிருக்கான்" என்றார். அதையும் யாரும் மறுக்கவில்லை.

செப்டம்பர் 4 அன்று மகள் கூடத்திலிருந்து அலறினாள்.

"அப்பா! சீக்கிரம் வாங்க! நீங்க டிவியில! சோமாலியா ட்ரவுட் நியூஸ்ல! அய்யோ, அதுவும் லுங்கியோட!"

சோமாலியாவில் மழை பொய்த்திருந்தது. அச்செய்திக்குக் கோப்புக் காட்சியாக, மடித்துக் கட்டிய லுங்கியோடு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன் நான். ஒரு நாட்டின் துயரத்துக்கு அது பொருத்தமாக இல்லை. மறுநாள் மேசையிலும் இதே கருத்து நிலவியது: "எங்க நாட்டுல குடிக்கத் தண்ணியில்ல, இவருக்குச் சிரிப்ப பாரு."

ஆனால் அன்று கூடத்தில் நின்றபோது எனக்குப் பட்டது வேறு. நான் சிரிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவந்தவள் ஒருத்தியே. இந்த மனிதரோடுதான் அவள் வாழ்ந்தாள் போலும். மகளிடம் அதை மீண்டும் ஒருமுறை ஓட்டச் சொன்னேன். அவள் முதலிலிருந்து ஓட்டினாள்.

பள்ளி நிர்வாகத்திலிருந்து அதே வாரம் அழைப்பு வந்தது. முதலில் சந்தேகம் தெரிவித்த அந்தத் தாய் மறுபடி அழைத்திருந்தாராம். தொலைக்காட்சியில் பார்த்த லுங்கி விவகாரத்தில் யார் சொன்னது சரி என்று அவர் கணவருக்கு அறிய வேண்டியிருந்ததாம். வெங்காயக்காரருக்குக் கடை இருக்கும் சாலை வழியே செல்லும் தடம் ஒதுக்கப்பட்டது. லாரி நிறுவனத்துக்கு அன்றே மறுப்புச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் காலை, நிறுத்தத்தில் போய் நிற்கலாம் என்றது மேசை. இத்தனை ஆண்கள் சும்மா நின்றால் காவல்துறை வரும், உள்ளேயே இருங்கள் என்று கடைக்காரப் பெண்மணி தடுத்துவிட்டார். எனவே கடையின் கண்ணாடி வழியே பார்த்தோம். மஞ்சள் பேருந்து சிக்னலில் வந்து நின்றது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்து, நெற்றியைச் சுருக்கி, சாலையைப் பார்த்து அமர்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. விளக்கு பச்சையானபோது விரல்களை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்த்தினார்.

அவர் உயர்த்தியது இரண்டு விரலா, நான்கு விரலா என்ற வாக்குவாதம் மதியம் வரை நீடித்தது. நான் இரண்டு என்ற கட்சி.

செய்யாமல் மிச்சமிருப்பவை:

தொலைக்காட்சி நிலையத்தை அழைத்து நான் சோமாலியன் அல்லன் என்று தெரிவிப்பது. அவசரமில்லை என்று மேசை கருதுகிறது.

வெங்காயத்தோடு வரும் பழைய காட்சியை நீக்கும்படி மறுபடி கேட்பது. இதற்கு அவசரம் உண்டு.

மனைவியின் கைப்பேசி இணைப்பை நிறுத்துவது.

டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்துக்குப் பதிவுசெய்வது. பேருந்துக்காரர் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.